அடிமனை ரசீதில் ஒரு தேதி

அம்மாபேட்டையில் 'லீஸுக்கு வீடு' என்று பலகை தொங்கினால் யாருக்கும் குழப்பமில்லை. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருடம் வாடகையில்லாமல் இருக்கலாம். காலி செய்யும்போது கொடுத்த பணம் திரும்பி வரும். போக்கியம் என்பதும் இதைத்தான். கெடு நெருங்கும்போது வீட்டுக்காரர், "இன்னும் அம்பதாயிரம் சேத்துப் போடுங்க, புதுசா எழுதிக்கலாம்" என்பார். லீஸ் நீட்டிப்பு முடிந்தது.

சிங்கப்பூரில் இருக்கும் மகன், "எங்க ஃபிளாட்டும் லீஸ்தாம்ப்பா" என்று சொன்னால் அது வேறு சங்கதி. அவன் வங்கிக் கடன் போட்டு வாங்கிய வீடு. விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். ஆனால் அடியில் இருக்கும் மண் அரசுடையது. 99 ஆண்டு முடிந்த அன்று வீடும் மண்ணோடு போய்விடும்.

இதில் நமக்கு அந்நியமாக எதுவும் இல்லை. தமிழ்நாட்டின் பழைய ஊர்களில் இதற்கு அடிமனை என்று பெயர். மனை கோயிலுடையது, மேலே இருக்கும் சுவர், கூரை, தறிக்குழி எல்லாம் குடியிருப்பவருடையது. தாத்தா காலத்தில் எழுதிய குத்தகை, மாதம் சில ரூபாய் வாடகை, ரசீதில் இன்னும் தாத்தாவின் பெயர். வீட்டுவரியும் மின் இணைப்பும் நம் பெயரில் இருப்பதால் மனையும் நம்முடையது என்று ஒரு தைரியம் வந்துவிடுகிறது. அந்த இரண்டு காகிதமும் மண்ணைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை.

குத்தகையில் எழுதிய காலம் முடிந்தால் என்ன ஆகும்? இந்து சமய அறநிலையத் துறைச் சட்டம் (1959) இதில் கறாரானது. 34-ஆவது பிரிவின்படி, ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட எந்தக் குத்தகைக்கும் ஆணையரின் அனுமதி வேண்டும். அந்தக் குத்தகை கோயிலுக்குத் தேவையானது அல்லது நன்மை தருவது என்று அவர் கருத வேண்டும். அனுமதி இல்லாத பத்திரம் செல்லாது. அறங்காவலரோ செயல் அலுவலரோ நல்ல மனதோடு 'இருபது வருடத்துக்கு' என்று எழுதிக் கொடுத்தாலும் அது வெறும் காகிதம்தான். குடியிருப்பவருக்கு நன்மையா என்ற கேள்வியே அந்தப் பிரிவில் கிடையாது.

வாடகைக்கு 34-அ பிரிவு. இணை ஆணையர், கோயில் தரப்பில் செயல் அலுவலர் அல்லது அறங்காவலர், மாவட்டப் பதிவாளர் ஆகிய மூவரும் சேர்ந்த குழு, சந்தை வாடகையைப் பார்த்து நியாய வாடகை நிர்ணயிக்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியமைக்கும். அதிகம் என்று பட்டால் 30 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம், அதன்பின் உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் நிர்ணயித்த தொகையைக் கட்டிவிட்டுத்தான் வாதாட முடியும். இத்தனை ஆண்டு சில ரூபாய் கட்டியவருக்கு இது பேரிடி. அதே சில ரூபாயில் கோயில் எப்படி விளக்கேற்றும் என்று எதிர்த்தரப்பு கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

உண்மையான கத்தி 78-ஆவது பிரிவில் இருக்கிறது. குத்தகைக் காலம் முடிந்தபின்னும் தொடர்ந்து இருப்பவரை அந்தப் பிரிவு ஆக்கிரமிப்பாளர் என்றே சொல்கிறது. அரை நூற்றாண்டு குடியிருந்தவரும் நேற்று வேலி போட்டவரும் அங்கே ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

முன்பு ஒரு கேடயம் இருந்தது. 1921-ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், முதலில் சென்னைக்கென்று வந்து பின்னர் மற்ற நகரங்களுக்கும் நீண்டது. பிறர் மனையில் கட்டடம் கட்டியவரை வெளியேற்ற வழக்குப் போட்டால், கட்டடத்துக்கு இழப்பீடு உண்டு. மனையையே தனக்கு விற்கச் சொல்லி அவர் நீதிமன்றத்தைக் கேட்கவும் 9-ஆவது பிரிவு வழி வைத்தது. 1996-இல் வந்த திருத்தம் கோயில், மசூதி, தேவாலயம் உள்ளிட்ட சமய நிறுவனங்களின் மனைகளை இதிலிருந்து விலக்கிவிட்டது. எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போன மயிலாப்பூர் கிளப், 2005-இல் தோற்றது. மனை தனியாருடையது என்றால் அந்தக் கேடயத்தை இன்றும் தூக்கலாம். சாமியுடையது என்றால் முடியாது.

இங்கிலாந்தில் கணக்கே வேறு. அங்கே 1993-ஆம் ஆண்டுச் சட்டம் நீட்டிப்பை ஃபிளாட்காரரின் உரிமையாக்கியது: உரிய விலையைக் கொடுத்தால் மிச்சக் காலத்தோடு 90 ஆண்டு சேரும், மனைக்காரர் மறுக்க முடியாது. மிச்சம் 80 ஆண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் விலை சட்டென்று ஏறும் என்பதால், அந்த எண்ணை ஜாதகத்தில் கண்டம் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். 2024-இல் நிறைவேறிய சட்டமோ 90-ஐ 990 என்று மாற்றி எழுதியிருக்கிறது.

சிங்கப்பூரில் அந்த உரிமை இல்லை. கேலாங் லோரோங் 3-இல் 60 ஆண்டுக் குத்தகையில் இருந்த 191 வீடுகள், 2020 டிசம்பர் 31 அன்று இழப்பீடு இல்லாமல் அரசிடம் திரும்பின. அந்த ஊரில் ஆண்டு குறையக் குறைய மனையின் மதிப்பு எவ்வளவு தேயும் என்று சொல்லும் அரசுப் பட்டியல் ஒன்று உண்டு. 'பாலா அட்டவணை' என்றே அதற்குப் பெயர். முழு உரிமை மனை 100 ரூபாய் என்றால், 99 ஆண்டு மிச்சமுள்ளது 96, 60 ஆண்டு 80, 30 ஆண்டு 60. தேய்மானம் கடைசியில்தான் வேகம் பிடிக்கிறது.

நம்மூரில் அப்படி அட்டவணை எதுவும் கிடையாது. 'கோயில் மனைதான், ஆனா யாரும் கேட்க மாட்டாங்க' என்று சொல்லி, பாதி விலைக்கு வெள்ளைத் தாளில் வீடு கைமாறுகிறது. துறையின் ஒப்புதல் இல்லாமல் கோயில் மனையை விற்றாலும் குத்தகைக்கு விட்டாலும் சார்பதிவாளர் பதிய மறுக்கச் சட்டம் இருக்கிறது. வாங்கியவரைக் கோயில் குத்தகைதாரராக ஏற்காதவரை அவர் கட்டும் வாடகையும் பழைய பெயரிலேயே வரவாகும்.

ஆகவே அடிமனை வீட்டில் இருப்பவர் முதலில் தேட வேண்டியது மூலக் குத்தகைப் பத்திரத்தை. காலக்கெடு எது, ஆணையரின் அனுமதி எண் இருக்கிறதா, கெடு முடியும்போது கட்டடம் யாருக்கு என்று எழுதியிருக்கிறது. அடுத்து ரசீது. 'வாடகை' என்று வரவு வைத்திருக்கிறார்களா, 'பயன்பாட்டு இழப்பீடு' என்றா? முதலாவது குத்தகை நடப்பதற்குச் சாட்சி. இரண்டாவதை வாங்கிக்கொண்டிருந்தால், கோயிலின் கணக்கில் அவருடைய குத்தகை ஏற்கெனவே முடிந்துவிட்டது.

வாரிசுச் சான்றோடு பெயர் மாற்றத்துக்கும் புதுப்பிப்புக்கும் சேர்த்தே மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கி வைப்பது நல்லது. தாத்தா இறந்து எத்தனை வருடம் ஆனது என்று அலுவலகத்தில் கேட்பார்கள்.