செலுத்த முடியாத விலை: அமெரிக்கப் பெற்றோலும் சதத்தின் பத்தில் ஒன்பது பங்கும்

ஐக்கிய அமெரிக்காவில் பெற்றோல் நிரப்பு நிலையங்களின் முன்னால் உயர்ந்து நிற்கும் விலைப்பலகைகளை நோக்குவோர், அங்கு விலை முழுச் சதத்தில் முடிவடையாமையை அவதானிக்கலாம். ஒரு கலனின் விலை 3 டொலர் 19 சதம் எனப் பெரிய இலக்கங்களில் எழுதப்பட்டு, அதன் மேலோரத்தில் பத்தில் ஒன்பது என்னும் பின்னம் சிறிதாக இடப்பட்டிருக்கும். சதத்தின் பத்தில் ஒன்பது பங்குக்கு நாணயம் எதுவும் இல்லை. ஒரேயொரு கலனை வாங்குபவர் 3 டொலர் 20 சதமே கொடுப்பார். அவ்வாறாயின், எவராலும் உள்ளபடி செலுத்த முடியாத விலையொன்று எழுதப்படுவது ஏன்? அது பல தசாப்தங்களாக நிலைத்து நிற்பது எவ்வாறு?

இது வியாபாரியின் தந்திரம் என்பதே வழக்கமான விடை. 20ஐ 19 ஆகத் தோற்றச் செய்து வாங்குவோரை மயக்குகின்றனர் என்பர். இவ்விடையில் உண்மை உண்டு. எனினும் அது முழு விளக்கமாகாது. ஒரு வழக்கம் தோன்றியமைக்கான காரணமும் அது நிலைபெற்றமைக்கான காரணமும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பதில்லை. இவ்வழக்கின் தோற்றம் அரசின் வரியோடும், அதன் நிலைபேறு போட்டியின் நிர்ப்பந்தத்தோடும் பிணைந்துள்ளன என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

ஐக்கிய அமெரிக்காவின் 1792ஆம் ஆண்டு நாணயச் சட்டம் டொலரின் ஆயிரத்தில் ஒரு பங்கை, அதாவது சதத்தின் பத்தில் ஒரு பங்கை, ‘மில்’ எனப் பெயரிட்டது. ஆயினும் சமஷ்டி அரசு மில் நாணயத்தை ஒருபோதும் வார்த்ததில்லை. அரைச் சதமே அது வெளியிட்ட மிகச் சிறிய நாணயமாகும். அதுவும் 1857இல் கைவிடப்பட்டது. எனவே மில் என்பது தொடக்கம் முதலே ஏட்டில் மட்டும் வாழ்ந்த அலகு. முந்திரி, காணி, மா எனக் கீழ்வாயிலக்கங்களை வகுத்துக் கணக்கிட்ட தமிழ் மரபை அறிந்தோருக்கு, கையிற் புழங்காத நுண்ணளவால் கணக்கிடுதல் வியப்பளிக்காது.

பணம் பெறுமதியின் அளவுகோலாகத் தொழிற்படும்போது அது கருத்தளவிலான பணமாகவே இருக்கலாம் என்பதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் தொகுதியிலே (1867) விளக்குகிறார். ஒரு பண்டத்துக்கு விலை குறிப்பதற்குக் கையில் காசு வேண்டியதில்லை; விற்று வாங்கும் கணத்திலேயே காசு வேண்டும். விலை குறித்தலுக்கும் விலை கொடுத்தலுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியிலேதான் மில் வாழ்கிறது.

2

ஏட்டளவில் இருந்த மில் பெற்றோல் விலைப்பலகைக்கு வந்து சேர்ந்தமைக்கான பின்னணி வரியாகும். 1919இல் ஒறிகன் மாநிலம் கலனுக்கு 1 சதம் என முதன்முதலாகப் பெற்றோல் வரியை விதித்தது. மோட்டார் வாகனங்கள் பெருகவே அவற்றுக்கான வீதிகளை அமைக்கப் பணம் தேவைப்பட்டது. 1920களின் முடிவுக்குள் ஏனைய மாநிலங்களும் இவ்வழியைப் பின்பற்றின. பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே, 1932இல், சமஷ்டி அரசும் கலனுக்கு 1 சதம் விதித்தது. அடுத்த ஆண்டிலேயே அது ஒன்றரைச் சதமாகி, 1934இல் மீண்டும் ஒரு சதமாகியது. வரி அரைச் சதத்தால் ஏறவும் இறங்கவும் தொடங்கியபின், விலை முழுச் சதத்தில் நிற்பது கடினமாயிற்று.

அக்காலத்தில் ஒரு கலன் பெற்றோல் ஏறத்தாழ 18 சதத்துக்கு விற்கப்பட்டது என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். 18 சதத்தில் ஒரு சதம் என்பது நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்ட பங்கு. வேலையிழந்தோர் நிறைந்த நாட்டில் விலையை அடுத்த முழுச் சதத்துக்கு உயர்த்துவது வாடிக்கையாளரை இழப்பதாகும். கீழிறக்குவதோ சில சதங்களேயான இலாபத்தை இழப்பதாகும். ஆகவே பின்னம் அன்று வெறும் அலங்காரமன்று; உண்மையான கணக்கு. இதே தசாப்தத்தில் மாநிலங்கள் சில, விற்பனை வரியைச் சதத்தின் பின்னங்களில் அறவிடுவதற்கென மில் பெறுமதியுள்ள வரி வில்லைகளையே வெளியிட்டன. இன்றும் சமஷ்டி வரி கலனுக்கு 18.4 சதம், இவ்வரியில் 0.1 சதம், கசியும் நிலக்கீழ் எண்ணெய்த் தாங்கிகளுக்கான நிதிக்குச் செல்கிறது. அரசும் இன்னும் மில்லிலேயே கணக்கிடுகிறது என்பது இதனாற் புலனாகும்.

3

ஆனால் வரியால் மட்டும் பிறந்த பின்னமாயின் அது இடத்துக்கு இடம் மூன்றாகவோ ஐந்தாகவோ ஏழாகவோ இருந்திருக்க வேண்டும். அது ஒன்பதில் உறைந்துவிட்டமைக்குக் காரணம் போட்டியே. பெற்றோல் ஏறத்தாழ ஒருபடித்தான பண்டம். ஒரு சந்தியின் எதிரெதிர் மூலைகளிலுள்ள நிலையங்கள் விற்பதில் வாங்குவோர் வேறுபாடு எதனையும் காண்பதரிது. ஓடும் வாகனத்திலிருந்து கண்ணிற்படும் விலையே அவர்களின் தெரிவைத் தீர்மானிக்கிறது. இந்நிலையில் ஒரு வியாபாரி மட்டும் நேர்மையாக 3 டொலர் 20 சதம் என எழுதுவாராயின், எதிர்மூலையிலுள்ள 3 டொலர் 19 சதம் ஒரு சதம் மலிவாகத் தோன்றும்; உண்மை வேறுபாடு சதத்தின் பத்திலொரு பங்கே. அவர் 3 டொலர் 19 சதத்துக்கே விற்க முற்படின், கலன்தோறும் 0.9 சதத்தைத் தமது குறுகிய இலாபத்திலிருந்து இழப்பார். தனியொருவரால் இவ்வழக்கத்திலிருந்து விலக முடியாது. அயோவா மாநிலம் 1985இல் இப்பின்ன விலையைத் தடைசெய்தது. 1989இல் அத்தடை நீக்கப்பட்டது.

போட்டி தனி முதலாளியின் விருப்பு வெறுப்புகளுக்கு அப்பாலிருந்து அவர்மீது செயற்படும் நிர்ப்பந்த விதி என மார்க்ஸ் கூறுவதற்கு இதைவிட எளிய உதாரணம் கிடைப்பதரிது. தந்திரம் என்ற சொல் ஒரு தந்திரக்காரனைத் தேட வைக்கிறது. இங்கோ தந்திரத்தைச் செய்பவரும் அதனாற் கட்டுண்டவராகவே இருக்கிறார்.

இவ்வழக்கம் பொறியினுள்ளும் புகுந்தது. 1979இல் ஒரு கலனின் விலை ஒரு டொலரை எட்டியபோது, பழைய பொறிமுறைப் பம்பிகள் பலவற்றில் 99.9 சதத்துக்கு மேல் விலை குறிக்க இயலவில்லை. சதத்தின் பத்திலொன்றுக்குச் சில்லு இருந்தது. டொலருக்குச் சில்லு இல்லை. பல நிலையங்கள் பாதி விலையைப் பம்பியிற் குறித்து, காட்டிய தொகையை இருமடங்காக்கிப் பணம் பெற்றன.

4

இப்பின்னத்தால் மக்கள் இழப்பது எவ்வளவு? அந்நாட்டின் பெற்றோல் பாவனை அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ 13,500 கோடி கலன். கலனுக்கு 0.9 சதம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 121 கோடி டொலர்; இது கொள்ளை என்பர் சிலர். ஆனால் விலையை அடுத்த முழுச் சதத்துக்கு உயர்த்தினால் மக்கள் மேலும் 13.5 கோடி டொலர் கொடுக்க நேரும். அவ்வாறு நோக்கின் இதே பின்னம் சலுகையாகிவிடும். இரு கணக்குகளும் பின்னத்தை விலையிலிருந்து பிரித்து நோக்குவதால் எழுபவை. பின்னம் விலையின் ஒரு பகுதி. அதற்கெனத் தனியான இரகசியம் இல்லை.

இலக்கிய மாணவர் ஒருவர் இவ்விலைப்பலகையை ஒரு பனுவலாகவும் வாசிக்கலாம். அதில் பொய் எதுவும் எழுதப்படவில்லை. உண்மை முழுவதும் எழுதப்பட்டுள்ளது. ஒரு பகுதி மட்டும் சிறிய எழுத்தில். வாசிப்பவர் பெரிய எழுத்தை நினைவிற் கொண்டு சிறியதை விட்டுவிடுவார் என்ற எதிர்பார்ப்பு அதன் வடிவத்திலேயே அடங்கியுள்ளது. கருத்துநிலை எப்பொழுதும் மறைத்தலால் மட்டும் இயங்குவதில்லை. எதனைப் பெரிதாகவும் எதனைச் சிறிதாகவும் காட்டுவது என்ற தெரிவாலும் இயங்குகிறது.

அவுஸ்திரேலியா 1 சத, 2 சத நாணயங்களை 1992இல் புழக்கத்திலிருந்து அகற்றத் தொடங்கியது. கனடா ஒரு சதத்தை 2013இல் நிறுத்தியது. இரு நாடுகளிலும் பெற்றோல் விலை இன்றும் சதத்தின் பத்திலொன்றுவரை எழுதப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் ஒரு சத நாணயமொன்றைத் தயாரிக்க 2024 நிதியாண்டில் 3.69 சதம் செலவாயிற்று. 2025 நவம்பர் 12இல் பிலடெல்பியா நாணயச்சாலையில் புழக்கத்துக்கான இறுதிச் சத நாணயங்கள் அச்சிடப்பட்டன. நாணயத்தின் ஆக்கம் நின்றது. அதன் பத்தில் ஒன்பது பங்கு பலகையில் நிற்கிறது.

1932இல் நியாயமான கணக்காயிருந்த பின்னம், 3 டொலர் விலையில் நூற்றுக்கு 0.3 பங்காகச் சுருங்கிவிட்டது. அதன்மீதான சினம் விலையின் மிகச் சிறிய கூற்றையும் அதனை விற்கும் சில்லறை வியாபாரியையுமே குறிவைக்கிறது. மசகெண்ணெயின் விலை எங்கு, எவரால், எந்த உற்பத்தி உறவுகளின் அடிப்படையில் தீர்மானிக்கப்படுகிறது என்பதும், கிணற்றிலிருந்து பம்பிவரை அதனைக் கொண்டுவரும் உழைப்பாளர் பெறுவது எவ்வளவு என்பதும் பெரிய இலக்கங்களுள் அடங்கியுள்ளன. முற்போக்குச் சிந்தனையாளர் முதலில் வாசிக்க வேண்டியவை அவ்விலக்கங்களே.