வயல் வாயுவை அளக்கும் கருவி: பிழை காணும் முறை

சேற்று வயலிற் கால் வைத்ததும் நீர்க்குமிழிகள் எழுவதைப் படுவான்கரைக் கமக்காரர் நன்கறிவர். அக்குமிழிகளில் மெதேன் என்னும் வாயு உண்டு. 1776ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா, ஏரியொன்றின் சேற்றைக் கிளறி, எழுந்த குமிழிகளைப் பிடித்து இவ்வாயுவை ஆராய்ந்தார். நீர் தேங்கிய மண்ணில் ஒட்சிசன் அற்றுப்போக, வைக்கோல் முதலியவற்றை நுண்ணுயிர்கள் அழுகச் செய்வதால் இது உண்டாகின்றது. இதன் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டினூடாகவே வெளியேறும். வளிமண்டலத்தை வெப்பமாக்குவதில், நூறாண்டுக் கணக்கில், இது காபனீரொட்சைட்டைவிட ஏறக்குறைய 28 மடங்கு வலியது.

நீரை இடையிடையே வற்றவிட்டுப் பாய்ச்சினால் இவ்வாயு குறையும். குளத்து நீரும் மிஞ்சும். எவ்வளவு குறைந்தது என்பதைக் கருவியே காட்டவேண்டும். கருவி பிழைத்தால், அதனைக் கொண்டு கமக்காரருக்குக் கூறப்படும் ஆலோசனையும் பிழைத்துவிடும்.

அளக்கும் முறை

பயிரின்மேல் ஒரு பெட்டி கவிழ்க்கப்படும். குறித்த நிமிட இடைவெளிகளில் உள்ளிருக்கும் காற்று ஊசிக்குழாயினால் எடுக்கப்பட்டு ஆய்வுகூடம் சேரும். அங்கே வாயுப் பகுப்புக் கருவி மெதேனைப் பிரித்து, ஐதரசன் சுடரில் எரித்து, அப்போது தோன்றும் நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கும்.

பிழை எங்கே உள்ளது?

ஐயம் எழுந்தால், அளவு தெரிந்த வாயுவை முதலிற் கருவிக்குள் செலுத்துதல் வேண்டும். விடை சரியானால் கருவி குற்றமற்றது; பிழையை வயலிலோ ஊசிக்குழாயிலோ தேடவேண்டும். விடை தவறானால் கருவியைச் சோதித்தல் தகும்.

கருவி ஒன்றுமே காட்டாவிடின் சுடர் அணைந்திருக்கலாம். அச்சுடர் கண்ணுக்குப் புலப்படாது. புகைவாயருகே குளிர்ந்த, பளபளப்பான உலோகத் துண்டைப் பிடித்தால், சுடர் எரியும்போது அதில் நீராவி படியும். அளவு வரவரக் குறைந்து, பதிவும் தாமதித்து வந்தால், ஊசி பலமுறை குத்திய இறப்பர் அடைப்பில் ஒழுக்கு உண்டா என்று பார்த்து அதனை மாற்றவேண்டும். ஊசிக்குழாயை ஐயுற்றால், தெரிந்த வாயுவை அதில் நிரப்பி, ஒருநாள் வைத்திருந்து மீண்டும் அளக்கலாம்.

பெட்டியினுள் வாயு சீராக ஏறவேண்டும். ஏறாது நின்றால் பெட்டியின் அடியில் ஒழுக்கு இருக்கலாம். திடீரென மிகுந்தால், அருகே ஒருவர் சேற்றை மிதித்திருக்கக்கூடும்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

சோதனைப் பெட்டி வைத்த வயலில் அதன் அருகே இறங்கலாகாது. மாதிரி எடுப்பவரும் பலகைமேல் நிற்றல் வேண்டும். நீர் பாய்ச்சிய நாள், வடித்த நாள், பசளையிட்ட நாள் ஆகியவற்றைக் குறித்துவைத்தல் நன்று. இக்குறிப்பு இல்லையேல் சரியான அளவும் பயன் தராது.

நீரை வற்றவிடுவோர், துளையிட்ட குழாயொன்றை வயலில் நட்டு, நீர்மட்டம் நிலத்தின்கீழ் 15 சென்ரிமீற்றருக்கு இறங்கியதும் மீண்டும் பாய்ச்சவேண்டும். பூக்கும் காலத்தில் வயலில் நீர் நிற்கவேண்டும். மட்டக்களப்பு வாவியை அடுத்து உவர் ஏறும் நிலங்களில் இம்முறையைக் கையாளுமுன் விவசாயப் போதனாசிரியரைக் கலந்துகொள்ள வேண்டும். அங்கே நன்னீர் வற்றினால், அடியிலுள்ள உப்பு மேலேறிப் பயிரைக் கருக்கிவிடும். வாயுக் கருவி அதனைக் காட்டாது.