வாரம் ஒரு காசு

குழு என்றதும் எமது பெண்கள் பலருக்கு இன்று நினைவுக்கு வருவது கடன்தான். யுத்தம் 2009 இல் முடிந்த பின், நுண்கடன் கம்பனிகள் வடக்கு கிழக்கில் வீட்டு வாசலுக்கே வந்தன. பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கு மற்றவர் பிணை நிற்கச் செய்தன. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அயலவர்களே முகம் பார்க்காத நிலை உண்டானது. வறட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடன்களை இரத்துச் செய்வதாக 2018 இல் அரசு அறிவிக்க வேண்டி வந்தது.

வாரம் ஒரு காசு சேர்த்த வேறு விதமான குழுக்களும் உலகில் இருந்தன. கல்முனை உவெஸ்லி உயர்தரப் பாடசாலையை அறியாதவர் எம்மில் இல்லை. அந்தப் பெயருக்குரிய ஜோன் உவெஸ்லி, இங்கிலாந்தில் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கியவர். 1742 இல் பிரிஸ்டல் நகரில் அவரது சபைக்குக் கட்டடக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி தரலாம் என்றார் ஒருவர். பலர் ஏழைகள், எப்படித் தருவார்கள் என்று கேள்வி எழுந்தது. மிக ஏழைகளான பதினொரு பேரைத் தன்னிடம் விடும்படியும், அவர்களால் முடியாததைத் தானே கட்டுவதாகவும் அவர் சொன்னார். மற்றவர்களும் அவ்வாறே செய்யட்டும் என்றார்.

காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள், அங்குள்ள நோயையும் சண்டையையும் மனக் கவலையையும் கண்டார்கள். கடனை விட இதுவே முக்கியமானது என்று உவெஸ்லி உணர்ந்தார். ஆனால் வீட்டு வேலைக்காரராக இருந்தவர்களைச் சந்திக்க எசமானர்கள் விடவில்லை. மனஸ்தாபங்களையும் நேருக்கு நேர் பேசித்தான் தீர்க்க முடிந்தது. ஆகவே பன்னிரண்டு பேர் வரை வாரம் ஒரு முறை ஓரிடத்தில் கூடினார்கள். இதுவே 'வகுப்புக் கூட்டம்'. பெண்களும் இவற்றுக்குத் தலைமை தாங்கினார்கள். சேர்ந்த காசு பின்னர் ஏழைகளின் தேவைக்குச் சென்றது.

இரண்டு குழுக்களிலும் வாராவாரம் காசு சேர்ந்தது. ஒன்றில் இயலாதவள் குற்றவாளி. மற்றதில் இயலாதவருக்காகவே குழு இருந்தது.

யுத்தத்திலும், 2004 டிசம்பர் 26 சுனாமியிலும் உறவுகளை இழந்த தமிழ், முஸ்லிம் பெண்கள் எமது கரையெங்கும் இருக்கிறார்கள். எந்த மதத்தவரானாலும் இம்முறையை நாமும் கைக்கொள்ளலாம். சீட்டுப் பிடிக்கும் பழக்கம் எமக்கு ஏற்கனவே உண்டு. அதனோடு இவற்றையும் சேர்ப்போம்:

- பத்து, பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.
- கிழமையில் ஒரு நாளை நிச்சயித்து, முறை வைத்து ஒவ்வொரு வீட்டில் கூடுவோம்.
- ஒவ்வொருவரும் பேசச் சந்தர்ப்பம் கொடுப்போம். பேசியதை வெளியே கொண்டு போகாதிருப்போம்.
- வராதவளைத் தேடிப் போவோம். இத்தா இருக்கும் சகோதரி வெளியே வர முடியாது. நாமே அவள் வீட்டுக்குப் போக வேண்டும்.
- கடன் கம்பனியின் பிணைக் குழுவாக இதை மாற்ற இடம் கொடாதிருப்போம்.

பெரிய நிதியோ அலுவலகமோ இதற்குத் தேவையில்லை. அடுத்த கிழமை எந்த வீட்டில் கூடுவது என்று அயல் வீட்டுச் சகோதரியிடம் இன்றே கேளுங்கள்.