பக்கவாதத்துக்குப் பின் வரும் அடக்க முடியாத அழுகை

நலம் விசாரிக்க வந்தவர், "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்கிறார். அவ்வளவுதான். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் மனிதர் முகம் கோணி, தோள் குலுங்கக் கதறுகிறார். "எப்படி இருந்த மனுஷன்" என்று மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். ஒரு நிமிடத்தில் அழுகை நின்றுவிடுகிறது. அவர் பாட்டுக்கு டிவியில் செய்தி பார்க்கத் தொடங்குகிறார். ஏன் அழுதீர்கள் என்றால் அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

மனசு விட்டுப்போச்சு என்று வீட்டில் முடிவுகட்டிவிடுகிறார்கள். இதில் பெரும்பாலும் மனசின் மேல் பிழையில்லை. மூளைக்காயத்தால் வரும் இந்தக் கோளாறுக்கு 'சூடோபல்பார் அஃபெக்ட்' என்று பெயர்.

மூளையில் நடப்பது

முகம், தொண்டை, மூச்சு மூன்றும் சேர்ந்து இயங்குவதுதான் அழுகை. அந்த இயக்கத்தின் மையம் மூளைத்தண்டில் இருக்கிறது. எப்போது, எவ்வளவு அழலாம் என்பதை மேல்மூளையும் சிறுமூளையும் கட்டுப்படுத்துகின்றன. இடையிலுள்ள நரம்புப் பாதை பழுதானால், பலகை போன மதகில் தண்ணீர் பாய்வதுபோல அழுகை தானாகப் பாய்கிறது. சிலருக்குச் சிரிப்பும் இப்படி வரும். துக்க வீட்டில் சிரித்துவிட்டு, கூனிக்குறுகிப் போவார்கள்.

தலைக்காயம், மல்டிபிள் ஸ்கிலரோசிஸ், பார்க்கின்சன், ஏ.எல்.எஸ். நோயாளிகளுக்கும் இது வரலாம். பக்கவாதத்துக்கும் அழுகைக்கும் உள்ள தொடர்பை 1872இல் வெளிவந்த நூலிலேயே சார்லஸ் டார்வின் குறிப்பிட்டிருக்கிறார். இன்றும் நம் வீடுகளில் இதைப் பலவீனமென்று நினைப்பதுதான் வேதனை.

மனச்சோர்வா, இதுவா?

இந்த அழுகை சட்டென்று வரும், சில நொடிகளிலோ நிமிடங்களிலோ நின்றுவிடும். மற்ற நேரத்தில் ஆள் இயல்பாக இருப்பார். மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடிக்கும். தூக்கம் கெடும், பசி போகும், எதிலும் பிடிப்பிருக்காது. பக்கவாதம் வந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. அதனால் வீட்டார் தாங்களாகவே முடிவுக்கு வரக் கூடாது.

அழுகை வரும்போது

"அழாதீங்கப்பா, சின்னப் பிள்ளையாட்டம்" என்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வெட்கம் கூடினால் அழுகையும் கூடும். கட்டிப்பிடித்துத் தேற்றுவதும் சிலருக்கு அழுகையைப் பெருக்கும். பக்கத்தில் அமைதியாக இருந்துவிட்டு, நின்றதும் பேச்சை விட்ட இடத்தில் தொடருங்கள்.

அழுபவர், வரப்போகிறது என்று உணர்ந்ததுமே உட்கார்ந்திருக்கும் நிலையை மாற்றலாம். தாடையையும் தோளையும் தளர்த்தி, மூச்சை மெதுவாக இழுத்து விடலாம். ஜன்னல் கம்பிகளை எண்ணுவதுகூடச் சிலருக்கு உதவும். வருகிறவர்களிடம், "இது நோயால வர்ற அழுகை, பயப்படாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி பாரம் இறங்கும். இதற்கு அஞ்சி விசேஷங்களுக்குப் போகாமல், வாசல்கூடத் தாண்டாமல் முடங்கிவிடுகிறார்களே, அதுதான் அழுகையைவிடப் பெரிய இழப்பு.

மருந்து உண்டு

மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றைக் குறைந்த அளவில் கொடுத்தாலே பலருக்கு அழுகை குறைகிறது. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானும் குவினிடினும் சேர்ந்த மருந்துக்கு அமெரிக்கா 2010இல் அனுமதி தந்தது. முதலாவது இருமல் மருந்திலும் இருப்பதுதான். அதற்காக இருமல் டானிக்கை வாங்கிக் குடிக்கக் கூடாது. குவினிடின் சிலருடைய இதயத்துடிப்பைப் பாதிக்கும் என்பதால் மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும்.

நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது, அழுகை எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, அப்போது மனதில் வருத்தம் இருந்ததா என்று குறித்து எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால், நோயாளியின் சம்மதத்தோடு செல்போனில் வீடியோவும் எடுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.