கானக்கோழியும் வீட்டுக்கோழியும்

நாமக்கல்லிலிருந்து காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. நான் ஆசிரியப் பணியில் இருந்த நாளில் அம்மலையடிவாரத்திற்கு மாணவர் சிலரை அழைத்துச் சென்றிருந்தேன். புதரோரம் ஒரு சேவல் சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. செம்பொன் நிறக் கழுத்து. பளபளக்கும் கரிய வால். "அதோ, காட்டுக்கோழி!" என்றேன். மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். விறகு கட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். "வாத்தியாரய்யா, அது எங்கூட்டுச் சேவலுங்க" என்றார்.

நான் புத்தகத்தில் கண்டிருந்த படம் செந்நிறக் காட்டுக்கோழியினுடையது. அப்பறவை இமயமலை அடிவாரம், வடகிழக்கு மாநிலங்கள், ஒடிசா ஆகிய பகுதிகளிலும், தென்கிழக்கு ஆசியாவிலும் வாழ்வது. நம் தீபகற்பத்திற்கு உரியது சாம்பல் நிறக் காட்டுக்கோழி. கிழக்கில் ஏறத்தாழக் கோதாவரியே இவ்விரண்டிற்கும் எல்லை. ஆகவே, கொல்லிமலையிலோ சேர்வராயன் மலையிலோ செந்நிறச் சேவலைக் கண்டால் அது ஊர்க்கோழி என்றே கொள்ளலாம். சங்கப் புலவர்கள் கானக்கோழி என்று குறித்ததும் நம் சாம்பல் நிறப் பறவையாகவே இருத்தல் வேண்டும்.

சாம்பல் நிறச் சேவலின் கழுத்திறகுகளை அருகிருந்து நோக்கினால் வியப்புத் தோன்றும். கரிய இறகுகளின் நுனியில் வெண்மையும் மஞ்சளுமான சிறு பொட்டுகள், மெழுகை உருக்கித் துளித்துளியாக இட்டாற்போலப் படிந்திருக்கும். இனப்பெருக்கக் காலம் கழிந்ததும் இவ்விறகுகள் உதிர்ந்துவிடும். அப்பொழுது கழுத்தை நம்பாது காலை நோக்குக. இதன் கால் செந்நிறம். செந்நிற இனத்தின் கால் சிலேட்டு நிறம். பெடைகளைப் பிரித்தறிவது சற்றுக் கடினம். இரண்டும் பழுப்பே. எனினும் நம் பெடையின் மார்பு வெண்மையாய், கரிய விளிம்பிட்ட செதில்கள் அடுக்கினாற்போல் தோன்றும், கால் மஞ்சள். மற்றதன் மார்பில் அவ்வரிகள் இல்லை.

குரல் இன்னும் எளிய அடையாளம். செந்நிறச் சேவலின் கூவல் வீட்டுச் சேவலினுடையதை ஒத்தது. இறுதியில் சட்டென்று அறுந்துவிடும். நம் சேவல் "குக்-கயா-கயா-குக்" என்று வெட்டி வெட்டிக் கூவும். கூவுமுன் சிறகடிப்பதும் இல்லை.

இப்பறவைக்கு அறிவியலார் இட்ட பெயரில் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் நினைவுகூரப்படுகிறார். அவர் 18ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுப் பகுதிகளில் பயணம் செய்தவர். வீட்டுக்கோழியின் மூதாதை இதுவே என்று முன்னாளில் கருதியோர் உண்டு. டார்வின் 1868இல் வெளியிட்ட நூலில் அதனை மறுத்து, செந்நிறக் காட்டுக்கோழி ஒன்றே மூதாதை என்றார். வழக்கு முடிந்தது என்றே உலகம் எண்ணியது. 2008இல் சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொரு செய்தியைக் கண்டனர். டார்வின் கூற்று பெரும்பாலும் சரியே. ஆயினும் வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு செந்நிறக் கோழியிடமிருந்து வந்ததன்று, சாம்பல் நிறக் கோழியிடமிருந்து கலந்தது.

தீவனத்தில் உள்ள மஞ்சள் நிறமியைச் சிதைக்கும் ஒரு நொதி கோழியின் உடலில் உண்டு. சாம்பல் நிறக் கோழியிடமிருந்து வந்த மரபணு அமைப்பில் அந்நொதி தோலில் மட்டும் குறைவாகச் சுரக்கிறது. எனவே நிறமி தோலிலும் காலிலும் தங்கிவிடுகிறது. நாட்டுக்கோழிகளுள் கருங்காலும் வெண்காலும் உடையவற்றையும் காண்கிறோம். எல்லாவற்றிற்கும் இவ்வமைப்பு வாய்ப்பதில்லை. நாமக்கல் பண்ணைகளில் முட்டைக்கென வளர்க்கும் வெள்ளை லெகார்ன் கோழிக்கு வாய்த்திருக்கிறது. அதன் கால் மஞ்சள்.

பெரியவர் வீட்டுச் சேவலின் கால் என்ன நிறம் என்று அன்று நான் கவனிக்கவில்லை.