எப்சிலான்கள் யோசிப்பதுண்டா? - மீனாட்சிபுரத்திலிருந்து டிஸ்டோப்பியாவை வாசித்தல்

1

உட்டோப்பியா என்றால் நல்ல கனவு, டிஸ்டோப்பியா என்றால் கெட்ட கனவு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். யாருக்கு நல்லது, யாருக்குக் கெட்டது என்று ஒரு கேள்வியைப் போட்டதும் இந்த விளக்கம் ஆட்டம் காணத் தொடங்கிவிடும். மேற்கத்திய இலக்கியத்தில் டிஸ்டோப்பியா என்ற வகைமை, இப்படியே போனால் நாளைக்கு என்ன ஆகும் என்கிற எச்சரிக்கையாகத்தான் வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. எச்சரிக்கை என்பது இன்னும் அடிபடாதவனுக்குச் சொல்வது. ஏற்கெனவே அடிபட்டுக் கிடப்பவனிடம் போய், 'பாத்துப்பா, அடிபட்டுரும்' என்று சொன்னால் அவன் சிரிக்கத்தான் செய்வான்.

இந்த நாவல்கள் எல்லாவற்றிலும் மனிதர்கள் அடுக்கடுக்காய்ப் பிரிக்கப்பட்டிருப்பார்கள். எச்.ஜி. வெல்ஸின் 'கால இயந்திரம்' (1895) நாவலில் மேலே வெயிலில் விளையாடுகிற எலாய்கள், கீழே இருட்டில் இயந்திரங்களோடு கிடக்கிற மோர்லாக்குகள். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' (1949) நாவலில் மேலே இரண்டு சதவீதத்துக்கும் குறைவான உள்கட்சி, நடுவில் வெளிக்கட்சி, அடியில் சுமார் 85 சதவீதம் 'ப்ரோல்'கள். ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'ப்ரேவ் நியூ வேர்ல்ட்' (1932) நாவலில் ஆல்பா முதல் எப்சிலான் வரை ஐந்து அடுக்குகள். குழந்தைகள் கண்ணாடிப் புட்டிகளில் தயாராகிறார்கள். எப்சிலானாக வேண்டிய கருவுக்கு ஆக்சிஜனைக் குறைத்துக் கொடுத்து மூளையை மட்டுப்படுத்துகிறார்கள்.

ஹக்ஸ்லி தன்னுடைய அடுக்குகளைக் குறிக்க வைத்துக்கொண்ட சொல் 'காஸ்ட்'. இவர் 1925-26இல் இந்தியாவுக்கு வந்து சுற்றிப் பார்த்து, பயண நூலும் எழுதியவர். எதிர்காலப் பயங்கரம் ஒன்றுக்குப் பெயர் தேடிய ஐரோப்பியப் புனைவு, நம்முடைய நிகழ்காலத்தின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டது. ஆகவே இந்த ஒப்பீட்டை நாம் வலிந்து செய்யவில்லை. பிரதியே அதற்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

2

ஒப்பீடு சுலபமாகப் பொருந்துகிற இடத்திலிருந்து தொடங்குவோம். குற்றாலம்.

சாரல் விழுந்துவிட்டால் மெயினருவியிலும் ஐந்தருவியிலும் நிற்க இடமிருக்காது. எண்ணெய் தேய்த்த உடம்புகள் ஒன்றோடொன்று உரச, யார் என்ன சாதி என்று கேட்க நேரமில்லாமல் ஜனம் நனைகிறது. அருவிக்கு முன்னால் எல்லோரும் சமம் என்று கவிதை எழுதத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். இதே மலையில் பழத்தோட்ட அருவி என்று ஒன்று இருக்கிறது. நெடுங்காலம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படாமல், அதிகாரிகளும் பெரிய மனிதர்களும் போய் நிதானமாகக் குளித்துவரும் அருவியாக அது இருந்தது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் வி.ஐ.பி. அருவி. எந்தக் கோட்பாட்டாளனும் கண்டுபிடித்துக் கொடுக்காத துல்லியமான கலைச்சொல் அது.

காசு படைத்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இயற்கையாக ஓடிவரும் தண்ணீரைத் திருப்பிவிட்டுத் தங்கள் வளாகத்துக்குள்ளேயே செயற்கை அருவி அமைத்துக்கொண்ட சொகுசு விடுதிகள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி, 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது.

'1984' நாவலில் உள்கட்சிக்காரனான ஓ'பிரையன், எல்லோரையும் கண்காணிக்கிற தொலைத்திரையைத் தன் வீட்டில் அணைத்து வைக்கிறான். வின்ஸ்டன் திகைத்துப் போகிறான். உள்கட்சிக்கு அந்தச் சலுகை உண்டு. அடுக்கு என்பது யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்கிற கணக்கோடு முடிவதில்லை. பொதுவான ஒன்றிலிருந்து தன்னை விலக்கிக்கொள்ளும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதிலும் அது இருக்கிறது. இந்த அளவில் ஆர்வெல்லின் நாவல் குற்றாலத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஏனென்றால் இங்கே நாம் பேசியது வர்க்கம். காசும் பதவியும் வந்தால் அருவியும் வரும். சாதிக்கு வரும்போதுதான் இந்தப் பொருத்தம் கழன்றுகொள்கிறது.

3

ஹக்ஸ்லியின் உலகில் காமாவுக்குப் பச்சை, டெல்டாவுக்குக் காக்கி, எப்சிலானுக்குக் கறுப்பு உடை. குழந்தைகள் தூங்கும்போது காதருகே ஒலிபெருக்கி வைத்து, மேலே இருப்பவன்மேல் பொறாமைப்படாதே, கீழே இருப்பவனோடு சேராதே என்று ஓதுகிறார்கள். அதற்கு ஒரு நிலையம், ஒரு இயக்குநர், மின்சாரம் எல்லாம் வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டுப் பள்ளிகள் சிலவற்றில் மாணவர்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டுகிறார்கள். விளையாட்டுக்கு ஆள் பிரிப்பதும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூடுவதும்கூட அந்த நிறத்தை வைத்துத்தான் நடக்கிறது. இதைத் தடுக்க வேண்டும் என்று 2019இல் பள்ளிக் கல்வித்துறை இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் கூடப்படித்தவர்கள் இருந்தார்கள். அதன்பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையும் இந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது.

இங்கே ஒரு தலைகீழாக்கத்தைக் கவனிக்க வேண்டும். நாவலில் அரசு நிறம் பூசுகிறது, தனிமனிதன் அழிக்கப் பார்க்கிறான். இங்கே அரசு அழிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விடுகிறது, பையன்கள் ஆசையாசையாய்க் கட்டிக்கொள்கிறார்கள். யார் சொல்லிக்கொடுத்தா? ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. அல்லது எல்லா வீட்டிலும் இருக்கிறது. (அரசு நிரபராதி என்று இதற்கு அர்த்தமல்ல. அதன் பங்குக்குப் பின்னால் வருவோம்.)

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளம் கிராமத்தில் மிட்டாய் வாங்கப் போன தலித் பிள்ளைகளிடம் பெட்டிக்கடைக்காரர் ஒருவர், ஊர்க் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்களுக்குத் தரமாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று சொல்கிற காட்சி நாடு முழுக்கப் பரவியது. கைது நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஊருக்குள் வரக்கூடாது என்று, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அரிதாகப் பயன்படும் ஒரு பிரிவில் நீதிமன்றம் தடையும் விதித்தது. அந்தக் காட்சியில் நம்மை உறையவைப்பது குரலின் சாதாரணத்தன்மை. அதில் கத்தல் இல்லை, மிரட்டல் இல்லை. ரேஷனில் சீனி தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போன்ற ஒரு தகவல். 'கட்டுப்பாடு' என்ற சொல்லுக்கு எழுவாய் கிடையாது. போட்டது யார் என்று கேட்டால் 'ஊர்' என்பார்கள்.

இது எப்படி ஓடுகிறது? அம்பேத்கர் இதைப் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று விளக்கினார். ஒவ்வொரு படியில் இருப்பவனுக்கும் தலைக்குமேல் ஒரு கால் இருக்கிறது, தன் காலுக்குக் கீழே ஒரு தலையும் இருக்கிறது. மேலே இருக்கிற காலை உதற வேண்டுமானால் கீழே இருக்கிற தலையிலிருந்து தன் காலையும் எடுத்தாக வேண்டும். அதற்குத்தான் யாரும் தயாரில்லை. சாதி உழைப்பை மட்டுமல்லாமல் உழைப்பாளர்களையும் பிரிக்கிறது என்று 1936இலேயே அவர் எழுதியதற்கு விளக்கம் தேட வேண்டுமானால் ஆலங்குளம், கடையம் பக்கம் போனால் போதும். மடியில் சொளகை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று ஒரே கூலி, ஒரே கழிவு, ஒரே இருமல். ஆனால் தெரு வேறு, சுடுகாடு வேறு.

ஆர்வெல்லுக்கு ஒரு மாளிகை தேவைப்பட்டது, ஹக்ஸ்லிக்கு ஒரு தொழிற்சாலை. மையம் இருந்தால் அதைத் தகர்த்துவிடலாம் என்ற நம்பிக்கையும் கூடவே வரும். மையமில்லாத ஒன்றைக் கற்பனை செய்ய அவர்களால் முடியவில்லை.

4

ஹக்ஸ்லியின் வாசகனை நடுங்க வைத்தது அந்தக் கண்ணாடிப் புட்டி. தாயின் வயிறு போய்விட்டது, இனி மனிதன் மனிதனல்ல என்கிற பீதி. ஏறத்தாழ அதே காலத்தில், 1940களில், பெரியார் 'இனிவரும் உலகம்' என்று எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார். அதிலும் ஆண்-பெண் சேர்க்கை இல்லாமல், சோதனைக்குழாய் போன்ற ஏற்பாட்டில் பிள்ளை பிறக்கும் என்று வருகிறது. பெரியாருக்கு அது விடுதலை.

ஒரே கருவி அங்கே நரகம், இங்கே சொர்க்கம். காரணம் வெளிப்படை. ஹக்ஸ்லியின் உலகில் சாதியைத் தயாரிப்பது புட்டி. நம்முடைய உலகில் சாதியைத் தயாரிப்பது கல்யாணம். அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று 1916இலேயே அம்பேத்கர் நிறுவிவிட்டார். பெண்ணின் வயிறுதான் இங்கே காவல் போடப்பட்ட தொழிற்சாலை. காவல்காரர்கள் அப்பா, அண்ணன், தாய்மாமன், அத்தை. சம்பளமில்லாத உத்தியோகம்.

படித்து வேலைக்குப் போய்விட்டால் சாதி உதிர்ந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் பட்டியலின இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். மென்பொருள் பொறியாளர். வேறு சாதிப் பெண்ணோடு பழகியதுதான் காரணம் என்று வழக்கு. வர்க்கக் கணக்கில் அவர் ஆல்பா. ஹக்ஸ்லியின் உலகில் ஆல்பாவை யாரும் திரும்ப எப்சிலானாக்க முடியாது. நம்மிடம் ஒரு அரிவாள் போதும்.

5

இந்த நாவல்களின் நாயகர்கள் யார்? ஸாம்யாட்டினின் 'நாம்' நாவலில் விண்கலம் கட்டுகிற பொறியாளன். ஹக்ஸ்லியிடம் ஆல்பாவான பெர்னார்டு. ஆர்வெல்லிடம் அமைச்சக ஊழியன் வின்ஸ்டன். மூன்று பேருமே ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள். அடியில் இருப்பவர்களுக்கு என்ன இடம்? ஹக்ஸ்லியின் நாவலில் லிஃப்ட் ஓட்டுகிற ஒரு எப்சிலான் வருகிறான். மொட்டைமாடி வெயிலைப் பார்த்து ஒரு கணம் பரவசப்படுகிறான். கீழே இறங்கு என்று குரல் வருகிறது, இறங்கிவிடுகிறான். ஆர்வெல்லின் நாவலில் ஜன்னலுக்குக் கீழே ஒரு ப்ரோல் பெண் துணி காயப்போட்டுக்கொண்டு பாடுகிறாள். ப்ரோல்களிடம்தான் நம்பிக்கை இருக்கிறது என்று நினைக்கிற வின்ஸ்டன், அவளுக்கு வலுவான உடம்பைக் கொடுக்கிறான், மூளையைக் கொடுக்க மனசு வரவில்லை.

அந்தத் துணி துவைப்பவளை நம்மூருக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். திருநெல்வேலி மாவட்டத்தில் புதிரை வண்ணார்கள் பகலில் கண்ணில் படவே கூடாது, தலித்துகளுக்கு அவர்கள் துணி வெளுக்கிற வேலை நடுராத்திரிக்குமேல் விடிவதற்குள் நடக்க வேண்டும் என்றிருந்த நிலை 1932இல் செய்தியாக வெளிவந்தது. அம்பேத்கர் அதை எடுத்துக்காட்டியிருக்கிறார். இருட்டில் மட்டும் நடமாட வேண்டிய மனிதர்களை வெல்ஸ் எட்டு லட்சம் வருடம் தள்ளிவைத்துக் கற்பனை செய்துகொண்டிருந்தபோது, தாமிரபரணிக் கரையில் அது நடைமுறை. அடியிலிருந்தவர்களுக்கும் அடியில் ஒரு படி இருந்தது என்பதும் இதில் அடக்கம். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) வந்தபோது எழுந்த சர்ச்சையில் இந்த உண்மையின் கசப்பும் இருந்தது.

எளியவர்களை நம் மரபு பேச விட்டதே இல்லையா என்றால், விட்டிருக்கிறது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி வாய் ஓயாமல் பேசுகிறாள். மலைவளம் சொல்கிறாள், வசந்தவல்லியின் கையைப் பிடித்துக் குறி சொல்கிறாள். ஆனால் அந்தப் பேச்சு எங்கே சுற்றினாலும் குற்றாலநாதரின் புகழில்தான் வந்து முடிய வேண்டும். பேச அனுமதி உண்டு, முடிவெடுக்க அனுமதி இல்லை.

1981 பிப்ரவரி 19 அன்று எப்சிலான்கள் முடிவெடுத்தார்கள். குற்றாலத்துக்கு வடக்கே, பண்பொழிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்து மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் நூற்றுக்கும் மேல் ஒன்றாக இஸ்லாத்துக்குப் போயின. ஊர் ரஹ்மத் நகர் ஆயிற்று. அவர்களில் படித்தவர்கள் இருந்தார்கள், நிலம் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். பசியில் எடுத்த முடிவு என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் சொன்ன காரணங்கள் மரியாதை சம்பந்தப்பட்டவை: டீக்கடை, போலீஸ் தொந்தரவு, கூப்பிடுகிற விதம். 'ஏலே'க்கும் 'பாய்'க்கும் நடுவிலுள்ள தூரத்தை அவர்கள் ஒரே நாளில் நடந்து கடந்தார்கள்.

டிஸ்டோப்பிய நாவல்களில் வெளியேறும் வழி கிடையாது. ஹக்ஸ்லியின் 'காட்டுமிராண்டி' தூக்கில் தொங்குகிறான். வின்ஸ்டன் பெரியண்ணனை நேசிக்கத் தொடங்குகிறான். மீனாட்சிபுரத்துக்காரர்கள் ஒரு கதவைக் கண்டுபிடித்தார்கள். உடனே என்ன நடந்தது? தில்லியிலிருந்து தலைவர்கள் வந்தார்கள், விசாரணைகள் வந்தன, மதமாற்றத் தடைச் சட்டம் வேண்டும் என்ற குரல் வந்தது (தமிழ்நாட்டில் 2002இல் அவசரச் சட்டமாக வந்து, 2004இல் விலக்கப்பட்டது). எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: யார் பணம் கொடுத்தார்கள்? அரபு நாட்டுப் பணமா? வெளிநாட்டுச் சதியா?

இந்தக் கேள்வியின் அடியில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. இவர்களாக யோசித்திருக்க முடியாது என்பது அது. ஹக்ஸ்லி ஆக்சிஜனைக் குறைத்துச் செய்ததை இவர்கள் ஒரு கேள்வியால் செய்துவிட்டார்கள்.

இங்கேதான் அரசின் பங்கு வருகிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து மதத்தில் இருந்தால்தான் ஒருவர் பட்டியலினத்தவர். சீக்கியர்கள் 1956இலும் பௌத்தர்கள் 1990இலும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். முஸ்லிமாகவோ கிறிஸ்தவராகவோ போனவருக்கு அந்த உரிமைகள் கிடையாது. கதவு திறந்திருக்கிறது, ஆனால் வாசலில் சான்றிதழைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். ஊர் உன்னை மறக்காது, அரசாங்கம் மட்டும் மறந்துவிடும். நிறமே பூசாத அரசு, அடுக்கைக் காக்கிற விதம் இது.

6

மீனாட்சிபுரத்தை ஒரு வெற்றிக்கதையாக்குவது நம் நோக்கமல்ல. சிலர் திரும்பி வந்தார்கள். இஸ்லாமியச் சமூகத்துக்குள்ளும் அடுக்குகள் இல்லாமலில்லை. அதைக் காரணங்காட்டி இந்து அமைப்புகள் திரண்ட வரலாறு நாட்டையே வேறு திசைக்கு இழுத்தது. எல்லாம் உண்மை. ஆனாலும் அடித்தட்டில் இருக்கிறவன் தன் நிலைமையைத் தானே அலசி, கூடிப் பேசி, விளைவு தெரிந்தே ஒரு முடிவுக்கு வந்தான் என்பது ஹக்ஸ்லியிடமும் ஆர்வெல்லிடமும் நடக்காத காரியம்.

ஆகவே இந்த நாவல்களைப் படிக்கும்போதும், தமிழில் இப்படி எழுத உட்காரும்போதும் கேட்க வேண்டிய கேள்வி, அதிகாரம் எவ்வளவு கொடூரமாகச் சித்திரிக்கப்பட்டிருக்கிறது என்பதல்ல. கொடூரத்தை எவனும் எழுதிவிடலாம். லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு என்ன தெரியும், அவன் ராத்திரி வீட்டுக்குப் போய் யாரோடு என்ன பேசுகிறான், காலையில் லிஃப்டுக்கு வராமல் போனால் எங்கே போவான் - இதைச் சொல்லாத வரைக்கும், நம்முடைய பிரதியும் அவனுக்கு ஆக்சிஜனைக் குறைத்துக்கொண்டுதான் இருக்கும்.