வசனம் கேட்கவில்லையா? காதைக் குறை சொல்லாதீர்கள்

வீட்டில் படம் பார்க்கையில் வசனத்துக்கு ஒலியைக் கூட்டி, வெடிச்சத்தத்துக்குப் பதறிக் குறைப்பது நம் செவியின் குறையல்ல. திரையரங்கக் கலவையில் ஒரு ஸ்பீக்கரின் உச்ச ஒலி 105 டெசிபல் வரை போகலாம். பேச்சோ பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கான தனித்தடத்தில் வரும். இரண்டே ஸ்பீக்கர் கொண்ட டிவியில் அந்தத் தடம் இசையோடும் இரைச்சலோடும் கலந்துவிடுகிறது. மெல்லிய டிவிகள் பலவற்றில் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருப்பதால் மெய்யொலிகளின் கூர்மையும் மழுங்குகிறது.

ஒலியைச் சமப்படுத்தும் ‘நைட் மோட்’ இயக்குநரின் நோக்கத்தைக் கெடுக்கும் என்பார்கள். வெடிப்பின் வீச்சு குறையும், உண்மைதான். ஆனால் அந்த நோக்கம் அமைதியான அரங்கை நம்பியது. மின்விசிறி சுழல, பக்கத்து அறையில் குழந்தை தூங்கும் வீட்டில் அது ஏற்கெனவே நிறைவேறாது. புரியாத வசனம்தான் கதைக்குப் பெரிய இழப்பு. டிவியின் ஒலி அமைப்பில் நைட் மோடைத் தயங்காமல் இயக்குங்கள்; தனி நடு ஸ்பீக்கர் இருந்தால் அதை மட்டும் 3 டெசிபல் உயர்த்திப் பாருங்கள்.